கிரிப்டோ லைப்ரரி மேனுவல்ல இலக்கணம் திருத்தினேன், பேட்ச்சைத் திருப்பிட்டாங்க. நான் பண்ணது தப்பா?

ஈரோட்டுத்தறி (செவ்வாய், இரவு 10:52)

வணக்கங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க. நான் ஆறு வருஷமா டெக்னிகல் ரைட்டரா இருக்கேன், மேனுவல் எழுதறதும் மத்தவங்க எழுதினதைத் திருத்தறதும்தான் பொழப்பு. எங்க ப்ராடக்ட்ல ஒரு ஓப்பன் சோர்ஸ் கிரிப்டோ லைப்ரரி (தகவலை மறைச்சுப் பாதுகாக்கற கோட் தொகுப்பு) யூஸ் பண்றோம், பேர் வேண்டாம், அவங்களைக் குறை சொல்றது என் நோக்கம் இல்லீங்க. போன மாசம் அதோட மேனுவல் பக்கங்களை முழுசா உக்காந்து படிச்சேன். கோட் எழுதினவங்க பெரிய ஆளுங்க, அதுல சந்தேகமே இல்ல, ஆனா பலபேருக்கு இங்கிலீஷ் தாய்மொழி இல்ல போல, ஒருமை பன்மை இடிக்குது, ஒரே வாக்கியம் ஆறு வரி போகுது, நடுவுல "இது"ன்னு வந்தா அது கீயைச் சொல்லுதா, கீ இருக்கற பஃபரை (மெமரில ஒதுக்கின இடம்) சொல்லுதா, நாலு தடவ படிச்சாலும் புடிபடல. பஃபரை யார் ஃப்ரீ பண்ணணும்னு சொல்ற இடத்துலயே அப்படி இருந்தா படிக்கறவன் என்னங்க பண்ணுவான்?

மூணு நைட் உக்காந்து 64 இடத்துல திருத்தினேன். 38 இடம் சுத்தமான இலக்கணம், ஸ்பெல்லிங். 17 இடத்துல நீள வாக்கியத்தை உடைச்சேன், "இது" "அது"க்குப் பதிலா பேரையே போட்டேன். மிச்சம் 9 இடத்துல ஒரே விஷயத்தைப் பக்கத்துக்குப் பக்கம் வேற வேற மாதிரி சொல்லியிருந்தாங்க, அதை எல்லாம் ஒரே மாதிரி ஆக்கினேன். எல்லாத்தையும் ஒரே பேட்ச்சா, அதாவது மாத்தங்களோட ஒரே தொகுப்பா அனுப்பினேன். ஒம்போது நாள் கழிச்சு மூணு வரில பதில். இவ்வளவையும் ஒண்ணா ரிவ்யூ பண்ண முடியாது, அர்த்தம் எங்கயும் மாறலன்னு உறுதியா சொல்ல எங்களுக்கு நேரமில்ல, பிரிச்சு அனுப்புங்கன்னு சொல்லி மூடிட்டாங்க.

மனசு கஷ்டமாயிடுச்சுங்க. அர்த்தம் தெளிவாகணும்னுதானே திருத்தினேன். இதுல அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஒன்பதாம்பிட் (செவ்வாய், இரவு 11:20)

ப்ரோ உங்க உழைப்புக்கு மரியாதை, ஆனா மனசுல பட்டதை நேரா சொல்லிடறேன். கிரிப்டோ லைப்ரரி யூஸ் பண்றவன் எவனும் மேனுவல்ல கமா சரியா இருக்கான்னு பாக்கறதில்ல, ஹெட்டர் ஃபைலைத் திறப்பான், இல்லன்னா ஸ்டாக் ஓவர்ஃப்ளோல இருந்து நாலு வரி காப்பி பண்ணுவான். அந்தப் பக்கம் ப்ராஜெக்டைப் பராமரிக்கற மெயின்டெய்னர்னு இருக்கறது நாலஞ்சு பேர், அவங்க நேரம் செக்யூரிட்டி பக்குக்குப் போகணும். 2020 அக்டோபர்ல ஹேக்டோபர்ஃபெஸ்ட்னு ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பு நிகழ்ச்சியோட டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ ஃபைல்ல ஒரு வார்த்தையை மாத்தி ஆயிரக்கணக்குல புல் ரெக்வெஸ்ட் (மாத்தத்தைச் சேத்துக்கச் சொல்ற கோரிக்கை) குவிச்சது ஞாபகம் இருக்கும், கடைசில ப்ராஜெக்ட்காரங்க விருப்பப்பட்டு சேந்தா மட்டும்தான் கணக்குன்னு விதியையே மாத்தினாங்க. அதுக்கப்புறம் டாக்குமென்டேஷன் திருத்தம்னு வந்தாலே அவங்களுக்கு அலுப்புதான். உண்மை கோட்லதான் இருக்கு, மேனுவல் ஒரு வழிகாட்டிப் பலகை, அவ்வளவுதான்.

நடுநிசிக்கம்பைலர் (புதன், அதிகாலை 1:05)

ஒன்பதாம்பிட், நீங்க சொல்றதுல பாதிதான் சரி. மேனுவல்ல ஒரு வரி எவ்வளவு எடை தாங்கும்ங்கறதுக்கு நடந்த கதை ஒண்ணு சொல்றேன்.

ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற கிரிப்டோ லைப்ரரில ஈவிபி வெரிஃபை ஃபைனல்னு ஒரு ஃபங்ஷன், டிஜிட்டல் கையெழுத்து சரியான்னு பாத்து சொல்லும். கையெழுத்து சரின்னா 1, தோல்வின்னா 0, வேற ஏதாவது எர்ரர்னா -1. மேனுவல்லயும் இப்படித்தான் எழுதியிருந்தது. சி மொழில எழுதறவங்க கை பழக்கத்துல என்ன பண்ணுவாங்க, பூஜ்யமா இல்லையான்னு மட்டும் பாப்பாங்க, பூஜ்யம் இல்லன்னா உள்ள விடுவாங்க. -1 பூஜ்யம் இல்லையே! அதனால கோணல்மாணலா ஒரு கையெழுத்தை வேணும்னே செஞ்சு அனுப்பினா உள்ள எர்ரர் ஆகி -1 வரும், புரோகிராம் அதை "கையெழுத்து சரி"ன்னு எடுத்துக்கும். டிஎஸ்ஏ, இசிடிஎஸ்ஏன்னு ரெண்டு வகைக் கையெழுத்துக் கீலயும் இது நடக்கும். 2009 ஜனவரி 7 அன்னிக்கு அறிவிப்பு வந்துச்சு, அந்தப் பாதுகாப்பு ஓட்டைக்குக் குடுத்த பதிவெண் சிவிஇ-2008-5077, 0.9.8ஜே வெர்ஷன்ல சரி பண்ணாங்க. இதே தப்பு ஓப்பன்எஸ்எஸ்எல்லோட சொந்தக் கோட்லயே இருந்துச்சு. இணையப் பேர்களைத் தேடித் தர்ற பைண்ட்ல இருந்துச்சு, கம்ப்யூட்டர் நேரத்தைச் சரிபண்ற என்டிபில இருந்துச்சு. அந்த ஃபங்ஷனை எழுதினவங்க வீட்டுக்குள்ளயே தப்பு நடந்திருக்கு, அப்ப "கோட் படிச்சா போதும்"னு எப்படி சொல்றது?

இதுல எனக்கு ரொம்ப நாளா உறுத்தறது அந்த வாக்கியம்தான். இலக்கணப்படி அதுல ஒரு பிழையும் கிடையாது. ஆனா "தோல்வி"ன்னு ஒரு சொல், "எர்ரர்"னு ஒரு சொல், அவசரத்துல படிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். எழுதினவருக்கு தோல்வின்னா கையெழுத்து பொருந்தல, எர்ரர்னா பொருந்துதான்னு பாக்கவே முடியல, ரெண்டுக்கும் நடுவுல மலையளவு வித்தியாசம். அதை இன்னொரு வாக்கியம் போட்டு சொல்லியிருக்கலாம். 1 தவிர எது வந்தாலும் நம்பாதேன்னு ஒரு வரி.

ஈரோட்டுத்தறி, அதனால நீங்க எடுத்தது நல்ல வேலை, அதுல சந்தேகம் வேண்டாம். ஆனா அவங்க பிரிச்சுக் கேட்டதும் நியாயம்னுதான் தோணுது.

மல்லிப்பூலினக்ஸ் (புதன், காலை 8:14)

அண்ணா ஒரு டவுட். நான் ஃபைனல் இயர் படிக்கிறேன், மதுரை. எனக்கும் ஓப்பன் சோர்ஸ்ல ஏதாவது பண்ணணும்னு ஆசை, கோட் பக்கம் போக பயமா இருக்கு, டாக்குமென்டேஷன் ஈசின்னு சீனியர்ஸ் சொன்னாங்க. நடுநிசி அண்ணா சொல்றதப் பாத்தா அது ஈசி இல்ல போலயே. ஓப்பன்எஸ்எஸ்எல் மாதிரி இடத்துல ஒரு ஸ்பெல்லிங் திருத்தம் அனுப்பணும்னா என்ன பண்ணணும்?

நடுநிசிக்கம்பைலர் (புதன், காலை 9:40)

தாராளமா பண்ணலாம்மா. ஓப்பன்எஸ்எஸ்எல் மேனுவல் எல்லாம் பாட் ஃபார்மட்ல இருக்கும், பெர்ல்காரங்க யூஸ் பண்றது. டாக் ஃபோல்டருக்குள்ள மேன்1, மேன்3, மேன்5, மேன்7னு பிரிச்சிருப்பாங்க, 1 கமாண்டுக்கு, 3 ஃபங்ஷனுக்கு. பொதுவா அங்க எது அனுப்பினாலும் சிஎல்ஏ, அதாவது பங்களிப்பாளர் ஒப்பந்தம்னு ஒரு ஃபார்ம் கையெழுத்துப் போட்டு குடுக்கணும், ஆனா ஸ்பெல்லிங் மாதிரி அற்ப மாத்தம்னா கமிட் மெசேஜ்ல (மாத்தத்தோட சேந்து போற குறிப்பு) "சிஎல்ஏ: ட்ரிவியல்"னு ஒரு வரி போட்டா போதும். அனுப்பறதுக்கு முன்னாடி மேக் டாக்-நிட்ஸ்னு ஒரு கமாண்ட் ஓட்டிப் பாரு, பக்கத்தோட அமைப்புல ஏதாவது இடிச்சா அதுவே சொல்லிடும். அதுக்கப்புறம் ரெண்டு ரிவ்யூவர் ஓகே சொல்லணும், ஓகே ஆனதும் வழக்கமா 24 மணி நேரம் சும்மா விட்டு வைப்பாங்க, வேற யாராவது பாத்து ஆட்சேபம் சொல்றதுக்கு. ஒரு எழுத்துப் பிழைக்கு இவ்வளவான்னு தோணும். தேவைதான்.

இன்னொண்ணு, பைத்தான்ல கிரிப்டோகிராஃபின்னே ஒரு லைப்ரரி இருக்குல்ல, அதோட டாக்குமென்டேஷனுக்கு ஸ்பெல்லிங் செக் தானா ஓடும், தெரிஞ்ச டெக்னிகல் சொற்களைத் தனியா ஒரு பட்டியல்ல வெச்சிருப்பாங்க. முதல் முயற்சிக்கு அங்கயும் போய்ப் பாக்கலாம். கவனிக்காம தொட்டா கை சுட்டுடற பகுதிகளுக்கு அவங்க வெச்ச பேர் "ஹேஸ்மேட்", அதாவது அபாயகரமான பொருள். இம்போர்ட் பண்ற வரியிலயே எச்சரிக்கை வந்துடுது. மேனுவலைத் திறக்காதவன் கண்லயும் படும். எனக்கு ரொம்பப் பிடிச்ச பேர் அது.

பழையதிருத்தர் (புதன், மாலை 5:30)

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல அச்சகத்துல மெய்ப்புத் திருத்தினவன், என் பையன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், படிச்சதும் சும்மா இருக்க முடியலை.

ஈரோட்டுத் தம்பி, உங்க 38 எனக்குப் பயமில்லை. 17 கொஞ்சம் பாத்துச் செய்யணும். அந்த 9 இருக்கே, "ஒரே மாதிரி ஆக்கினேன்"னு சொன்னீங்களே, அதைப் படிச்சதும் எனக்குத் திக்குன்னு ஆச்சு. எங்க அச்சகத்துல ஒரு சித்த மருத்துவக் குறிப்பு வந்தது, ஒரு இடத்துல "வறுத்து", இன்னொரு இடத்துல "இளவறுப்பா வறுத்து"ன்னு இருந்தது. புதுசா சேந்த பையன் ரெண்டையும் "வறுத்து"ன்னு ஆக்கிட்டான், பாக்கறதுக்கு அழகா இருந்தது. வைத்தியர் வந்து பாத்து, ரெண்டும் வேற பக்குவம்யா, வேற மருந்துன்னு கத்தினார். அன்னிலேருந்து ஒரு பழக்கம் வெச்சிருந்தோம். எழுத்துப்பிழையை நாமே திருத்தலாம். பொருள்ல சந்தேகம் வந்தா எழுத்துல கை வைக்கப்படாது, ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டு, "இது இப்படித்தானா?"ன்னு எழுதி ஆசிரியருக்கு அனுப்பணும். உங்க உலகத்துல ஓரம் இருக்கா தம்பி?

ஒன்பதாம்பிட் (புதன், மாலை 6:02)

ஐயா இருக்கு, இஷ்யூன்னு ஒண்ணு திறந்து கேக்கலாம், கிட்டத்தட்ட நீங்க சொல்ற ஓரம்தான் அது. நீங்க சொன்னது எனக்கு உறைச்சுது.

ஆனா இன்னும் ஒரு கேள்வி இருக்கு. கர்ல்னு இணையத்துல தகவல் எடுக்கற ஒரு டூல் இருக்கு, அதுல, சர்வர் தன் அடையாளமா காட்டற சர்டிஃபிகேட்ல இருக்கற பேரும் நாம போற சர்வர் பேரும் ஒண்ணான்னு பாக்கச் சொல்ற ஆப்ஷன் ஒண்ணு உண்டு, வெரிஃபை ஹோஸ்ட்னு. அப்பல்லாம் அதுக்கு 2 குடுத்தாதான் ரெண்டு பேரையும் ஒத்துப் பாத்துச்சு. 1 குடுத்தா சர்டிஃபிகேட்ல ஏதோ ஒரு பேர் இருக்கான்னு மட்டும் பாத்துட்டு விட்டுடுச்சு. மேனுவல்ல இது தெளிவா இருந்துச்சு, டீஃபால்ட்டே 2தான். மக்கள் என்ன பண்ணாங்க, பேரைப் பாத்தா ஆன் ஆஃப் மாதிரி இருக்கேன்னு "ட்ரூ"ன்னு குடுத்தாங்க, ட்ரூன்னா 1. பாதுகாப்பை ஏத்தறதா நினைச்சு அணைச்சுட்டாங்க. 2012ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைல இது வெளிய வந்து, அந்த வருஷமே 7.28.1 வெர்ஷன்ல 1 குடுத்தா எர்ரர்னு மாத்தினாங்க. மேனுவல் சரியா இருந்தும் காப்பாத்தல, கோடை மாத்தினதுதான் காப்பாத்துச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?

வல்லைவெளி (புதன், இரவு 9:15)

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோவில நெட்வேர்க் ப்ரோட்டோகோல் வேலை. ஒன்பதாம்பிட் சொன்ன கதை சரிதான், ஆனா அதிலயிருந்து எனக்கு வேற ஒண்டு விளங்குது. அந்த ஒப்ஷனை ஒரு நேர் வாக்கியத்தில எழுதிப் பாருங்கோ, எழுத ஏலாது, "1 எண்டா பாக்கும், ஆனா உண்மையில பாக்காது" எண்டுதான் வரும். திருத்துற ஆள் இப்பிடி ஒரு வசனத்தில முட்டுப்பட்டு நிண்டு கேள்வி கேட்டா, பிழை வசனத்தில இல்லை, வடிவமைப்பில எண்டு முன்னமே பிடிச்சிருக்கலாம். இலக்கணம் பாக்கிற ஆக்கள்தான் ஒவ்வொரு வசனத்தையும் மெதுவா வாசிக்கினம். மற்ற எல்லாரும் தேடினது கிடைச்ச உடனை போயிடுவினம்.

நான் வேலை செய்யிற இடத்தில ஒவ்வொரு நாளும் ஆர்எஃப்சிகளோட (இணைய ப்ரோட்டோகோல் விதிகளை எழுதி வைக்கிற ஆவணங்கள்) மல்லுக்கட்டுறன். 1997 மார்ச்சில வந்த ஆர்எஃப்சி 2119 மஸ்ட், ஷுட், மே எண்ட சொல்லுகளுக்கு அளந்து பொருள் குடுத்தது. மஸ்ட் எண்டா கட்டாயம். ஷுட் எண்டா தகுந்த காரணம் இருந்து, விளைவை முழுசா யோசிச்சுப் பாத்தா மட்டும் விலகலாம். மே எண்டா உங்கட விருப்பம். இதை அறியாத ஒருத்தர், ஒரே பந்தியில மஸ்ட் நாலு தரம் வருது, வாசிக்கக் கடுமையா இருக்கு எண்டு ஒண்டை ஷுட் ஆக்கினா, இங்கிலிசு அழகாகும், ஒரு கட்டாயச் சோதனை காரணம் இருந்தா விலகக்கூடிய சோதனையா மாறிப்போகும். பெரிய எழுத்தில எழுதினாத்தான் அந்தப் பொருளோ, சின்ன எழுத்துக்கும் அதே பொருளோ எண்டு இருபது வருசம் ஆக்கள் தர்க்கப்பட்டினம். 2017 மேயில ஆர்எஃப்சி 8174 வந்துதான் பெரிய எழுத்துக்கு மட்டும் எண்டு தீர்த்து வைச்சது. எழுத்தின்ர அளவுக்கே ஒரு ஆவணம்!

இன்னொரு சங்கதி கவனிச்சிருக்கிறியளோ, அந்தப் பட்டியலில மஸ்ட் நொட் இருக்கு, ஷுட் நொட் இருக்கு, மே நொட் இல்லை. இங்கிலிசில மே நொட் எண்டா "செய்யக்கூடாது" எண்டும் வரும், "செய்யாமலும் விடலாம்" எண்டும் வரும். தமிழில இந்தச் சிக்கல் இல்லை பாருங்கோ, கூடாதுக்கு ஒரு வடிவம், விடலாமுக்கு வேற வடிவம். அதால நான் சந்தேகமான வசனம் ஒண்டு வந்தா முதல்ல மனசுக்குள்ள தமிழில சொல்லிப் பாப்பன். தமிழில ரெண்டு விதமாச் சொல்ல வந்துதெண்டா அந்த இங்கிலிசு வசனம் உடைஞ்சு கிடக்கு எண்டு அர்த்தம். உடனை கேள்வி கேட்டு எழுதுவன்.

வெளியான ஆர்எஃப்சியில பிறகு ஒரு எழுத்தும் மாத்த மாட்டினம். ஐயா சொன்ன ஓரம் மாதிரி எர்ராட்டா எண்டு தனியா ஒரு இடம் இருக்கு, ஆரும் எழுதலாம். அதிலயும் எழுத்துப்பிழை ஒரு வகை, தொழில்நுட்பப்பிழை வேற வகை எண்டு பிரிச்சுத்தான் பதியோணும். உங்கட மெயின்டெய்னர் கேட்டதும் அதுதானே தம்பி.

ஈரோட்டுத்தறி (வியாழன், அதிகாலை 2:10)

தூக்கம் வரலீங்க. பழையதிருத்தர் ஐயா எழுதினதைப் படிச்சதுல இருந்து ஒரே படபடப்பு. லேப்டாப்பைத் திறந்து அந்த 9 திருத்தத்தையும் கோடோட வெச்சு ஒவ்வொண்ணா பாத்தேன்.

நாலு பக்கத்துல, வெற்றின்னா 1, தோல்வின்னா பூஜ்யம் அல்லது எதிர்மறை எண்ணுன்னு இருந்திருக்கு. மத்த முப்பது பக்கத்துல வெற்றின்னா 1, தோல்வின்னா 0. நான் அந்த நாலையும் மத்ததோட சேத்து "தோல்வின்னா 0"ன்னு ஆக்கியிருக்கேன். சீரா இருக்கட்டும்னு. அந்த நாலுல ரெண்டு கையெழுத்து சரிபார்க்கற ஃபங்ஷன். நடுநிசி சொன்ன அதே ஓட்டைக்கு நானே வழி எழுதிக் குடுத்திருக்கேன். என் பேட்ச் உள்ள போயிருந்து, யாராவது அதை நம்பி பூஜ்யமா இல்லையான்னு மட்டும் பாத்திருந்தா? நெனைச்சுப் பாக்கவே முடியல.

அஞ்சாவது இன்னும் மோசம். ஒரு பத்தில "யூனிக்"னு மூணு தடவ வந்துச்சு, ஸ்கூல்ல இருந்தே ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாதேன்னு சொல்லிச் சொல்லி வளத்தாங்கல்ல, ஒரு இடத்துல அதை "ரேண்டம்"னு மாத்திட்டேன். அந்தப் பத்தி நான்ஸ் பத்தினது, அதாவது ஒவ்வொரு செய்தியை என்கிரிப்ட் பண்ணும்போதும் கீயோட சேத்துக் குடுக்கற எண். இது எவ்வளவு பெரிய தப்புன்னு யாராவது விளக்கினா நல்லது, எனக்கு அந்தக் கணக்கு முழுசா தெரியாது.

மிச்சம் நாலு இடம் பிரச்னை இல்ல. பேட்ச்சைத் திருப்பினவங்களுக்கு இப்பவே நன்றி எழுதி அனுப்பிட்டேன்.

நடுநிசிக்கம்பைலர் (வியாழன், காலை 7:55)

கோடோட வெச்சுப் பாத்தீங்க பாருங்க, அதுதான் வேலை.

நான்ஸ் விஷயம். ஏஇஎஸ் ஜிசிஎம்னு ஒரு என்கிரிப்ஷன் முறையை எடுத்துக்கோங்க, வழக்கமா 96 பிட் நான்ஸ். அது ரகசியமா இருக்க வேண்டாம், ரேண்டமா இருக்கணும்னுகூட இல்ல, 1, 2, 3ன்னு எண்ணிக்கிட்டே போகலாம், ஒரே கீயோட ரெண்டாவது தடவ வரக்கூடாது, அவ்வளவுதான். வந்துட்டா ரெண்டு செய்தியோட எக்ஸ்ஓஆர் (பிட் பிட்டா எங்க வேறுபடுதுங்கறது) வெளிய கசியும், அதோட போலிச் செய்தியைத் தடுக்கற உள்கீயையே கணக்குப் போட்டு எடுத்துடலாம். சிபிசின்னு இன்னொரு முறைல அப்படியே தலைகீழ், அங்க ஐவின்னு சொல்ற தொடக்க எண் அடுத்து என்ன வரும்னு யாராலயும் ஊகிக்க முடியாததா இருக்கணும். இணையத் தொடர்பைப் பாதுகாக்கற டிஎல்எஸ் 1.0ல அது ஊகிக்கக் கூடியதா இருந்ததாலதான் 2011ல பீஸ்ட் தாக்குதல் வந்துச்சு. ஆக ஒரு இடத்துல யூனிக் வேணும், இன்னொரு இடத்துல ஊகிக்க முடியாதது வேணும். ரேண்டம்னு படிச்சவன் எட்டு பிட் ரேண்டம் நம்பர் எடுத்துப் போட்டா கொஞ்ச நேரத்துலயே திரும்ப வந்துடும். எண்ணிக்கிட்டு இருந்தவன் அந்த வரியைப் படிச்சுட்டு கவுன்ட்டரைத் தூக்கிட்டு ரேண்டமுக்கு மாறினா, இல்லாத ஆபத்தைப் புதுசா கொண்டு வர்றான்.

இந்த மாதிரி மேனுவல்ல ஒரே பொருளுக்கு ஒரே சொல்தான், பத்து தடவ வந்தாலும் அதே சொல்தான். ஹேஷ் வேற, என்கிரிப்ட் வேற. என்கோட் வேற. வெரிஃபை ஒண்ணு, வேலிடேட் ஒண்ணு. ஸ்கூல் கட்டுரைப் பழக்கத்தை வாசல்லயே விட்டுட்டு வரணும்.

மல்லிப்பூலினக்ஸ் (வியாழன், காலை 10:20)

அண்ணா என்கோட் என்கிரிப்ட்னு சொன்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்களுக்குக் குடுத்த தமிழ் நோட்ஸ்ல ரெண்டுக்குமே "குறியாக்கம்"னுதான் போட்டிருந்துச்சு. நான் செகண்ட் இயர் ப்ராஜெக்ட்ல பாஸ்வேர்ட பேஸ்64ல மாத்தி டேட்டாபேஸ்ல போட்டுட்டு, குறியாக்கம் செஞ்சாச்சு, பாதுகாப்பா இருக்குன்னு ரிப்போர்ட்ல எழுதினேன். மார்க்கும் வந்துச்சு. பேஸ்64ஐ யார் வேணா ஒரு நொடில திருப்பிடலாம், அதுக்கு கீயே கிடையாதுன்னு ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. இப்ப ஜூனியர்ஸ்க்கு நான் எழுதிக் குடுக்கற நோட்ஸ்ல என்கோடிங்குக்கு "குறிமாற்றம்", என்கிரிப்ஷனுக்கு "மறையாக்கம்"னு பிரிச்சு எழுதறேன். சொல் சரியான்னு தெரியல, ஆனா ரெண்டு சொல்லா இருக்கணும்ங்கறது மட்டும் உறுதி.

பழையதிருத்தர் (வியாழன், காலை 11:45)

மறையாக்கம் நல்ல சொல்லும்மா. மறைன்னு காதுல விழுந்ததுமே விஷயம் புரியுது. விட்டுடாதே.

வல்லைவெளி (வியாழன், மாலை 4:30)

பிள்ளை சொன்னது நல்ல விசயம். நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லோணும், இலக்கணம் அட்சரசுத்தமா இருந்தும் வருசக்கணக்கா ஆக்களைத் திசைதிருப்பின வசனம் ஒண்டு. லினக்ஸில ரேண்டம் எண்ணுகள் தாற டெவ் யூரேண்டம் பற்றின மேனுவல் பக்கத்தில, என்ட்ரோப்பி (ஊகிக்க ஏலாத தன்மை) போதாமல் போனா அதில வாற எண்ணுகள் கோட்பாட்டளவில தாக்குதலுக்கு ஆளாகலாம், அப்பிடியொரு வழி வெளிப்படையா ஆருக்கும் தெரியாது, ஆனாலும் உங்களுக்கு அது கவலை எண்டா டெவ் ரேண்டம் எண்ட மற்றதைப் பாவியுங்கோ எண்டு இருந்தது. பாதுகாப்பு வேலை செய்யிற ஆளிட்ட "உங்களுக்குக் கவலையா?" எண்டு கேட்டா ஆர் இல்லை எண்டு சொல்லுவினம்? எல்லாரும் டெவ் ரேண்டத்துக்குப் போச்சினம், அது என்ட்ரோப்பிக்குக் காத்துக்கொண்டு நிக்க, புரோகிராம் எல்லாம் உறைஞ்சு போய் நிண்டது. 2016இலதான் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதிச்சினம். பிறகு 2020இல லினக்ஸ் 5.6 வந்தாப் பிறகு டெவ் ரேண்டமும் தொடக்கத்தில ஒருக்கா தயாரானால் போதும், அதுக்குப் பிறகு காத்து நிக்கிறேல்லை. அந்த வசனத்தில கமா பிழை தேடியிருந்தா ஒண்டும் அம்பிட்டிருக்காது. வாசிக்கிற ஆள் இதைப் படிச்சிட்டு என்ன செய்வார் எண்டு கேட்டிருந்தா அம்பிட்டிருக்கும்.

ஒன்பதாம்பிட் (வியாழன், இரவு 8:05)

நான் முதல்ல சொன்னதுல "வழிகாட்டிப் பலகை, அவ்வளவுதான்"ங்கறதை வாபஸ் வாங்கிக்கறேன். பலகை தப்பா இருந்தா வண்டி பள்ளத்துலதான் போகும்.

மெயின்டெய்னர் பக்கத்து பயமும் இப்ப எனக்கு நல்லா புரியுது. 2024ல எக்ஸ்இஸட்னு ஒரு கம்ப்ரெஷன் டூல்ல பேக்டோர் (கள்ளவழி) வெச்ச விவகாரம் வெளிய வந்தப்ப எல்லாரும் அந்த பேக்டோரைப் பத்தித்தான் பேசினாங்க, எனக்கு மறக்க முடியாதது வேற ஒண்ணு. அந்த பிப்ரவரில அதைக் கம்பைல் பண்ண உதவற சிமேக் ஃபைல்ல போன ஒரு மாத்தத்துல தனியா ஒரு முற்றுப்புள்ளி உக்காந்திருந்துச்சு. லேண்ட்லாக்ங்கற பாதுகாப்பு வேலி கெர்னல்ல இருக்கான்னு சோதிக்கற குட்டி புரோகிராமுக்குள்ள அந்தப் புள்ளி, அதனால அது கம்பைலே ஆகாது, ஆகலன்னா "இந்த வசதி இல்ல போல"ன்னு வேலி போடாம போயிடும், எந்த சத்தமும் வராது. ஒரே ஒரு புள்ளி. பழசையும் புதுசையும் ஒப்பிட்டுக் காட்டற டிஃப்ல பாத்தா தூசி மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் 64 இடத்துல புள்ளி கமா மாத்தின பேட்ச் முகம் தெரியாத ஆள்கிட்ட இருந்து வந்தா, அதுலயும் மேனுவல்ல கோட் உதாரணம் எல்லாம் நடுநடுவுல இருக்கும், எழுத்தெழுத்தா பாத்தாதான் அவங்களுக்குத் தூக்கம் வரும். ஈரோட்டுத்தறி, நீங்க அனுப்பும்போது கோட் உதாரணம் இருக்கற வரியைத் தொடாம தனியா வெச்சுடுங்க, கமிட் மெசேஜ்ல அதை எழுதியும் வைங்க, ரிவ்யூ பண்றவருக்குப் பாதி பாரம் குறையும்.

ஈரோட்டுத்தறி (அடுத்த வாரம் சனி, மதியம் 3:18)

எல்லாருக்கும் வணக்கங்க. நடந்ததைச் சொல்றேன்.

38 இலக்கணத் திருத்தத்தை ரெண்டு பேட்ச்சா பிரிச்சேன், ஒண்ணு ஸ்பெல்லிங் மட்டும், ஒண்ணு ஒருமை பன்மை மட்டும், கோட் உதாரணம் எதையும் தொடல. ஸ்பெல்லிங் ரெண்டே நாள்ல உள்ள போயிடுச்சு. அடுத்தது நாலு நாள், அதுல ஒரு இடத்துல நான் பன்மைன்னு நெனைச்சு மாத்தினது உண்மைல ஒரே கீயைத்தான் சொல்லுதுன்னு ரிவ்யூவர் காட்டினார், எடுத்துட்டேன்.

17 நீள வாக்கியத்துல 11ஐ நானே கோடைப் பாத்து உறுதி பண்ணிக்கிட்டு அனுப்பினேன். மிச்சம் 6 இடத்துல வல்லைவெளி சொன்ன மாதிரி தமிழ்ல சொல்லிப் பாத்தேன், ஆறுமே ரெண்டு விதமா வந்துச்சு. அதனால திருத்தாம ஐயா சொன்ன ஓரக் கேள்வியா ஆறு இஷ்யூ போட்டேன், "இந்த பஃபரை ஃப்ரீ பண்ண வேண்டியது கூப்பிட்டவரா, லைப்ரரியா?"ன்னு நேரடியா. மூணுக்கு பதில் வந்துடுச்சு. ஒண்ணுல அவங்களுக்குள்ளயே ரெண்டு பேர் வேற வேற பதில் சொல்லி, கடைசில கோட்ல தேடி முடிவு பண்ணாங்க. மூணு இன்னும் திறந்தே இருக்கு.

அந்த 9ஐ முழுசா தூக்கிட்டேன். அதுக்குப் பதிலா நாலு ஃபங்ஷன் பக்கத்துக்கும் ரிட்டர்ன் வேல்யூ பகுதியைப் புதுசா எழுதி இன்னிக்குக் காலைல அனுப்பியிருக்கேன். கையெழுத்து ஃபங்ஷன் ரெண்டுக்கும் எழுதினதைத் தமிழ்ல சொல்லணும்னா இப்படி: கையெழுத்து சரின்னா 1. பொருந்தலன்னா 0. சரிபார்க்கவே முடியலன்னா எதிர்மறை எண். 1 தவிர எது வந்தாலும் அந்தக் கையெழுத்தை ஏத்துக்கக் கூடாது.

பழையதிருத்தர் (சனி, மாலை 4:02)

நல்லா வந்திருக்கு தம்பி. ஒரே ஒரு மாத்தம். நாலாவது வாக்கியத்தை முதல் வாக்கியமா கொண்டு வாங்க. அவசரக்காரன் ஒரு வரியோட போயிடுவான்.

ஈரோட்டுத்தறி (சனி, மாலை 4:40)

மாத்தி அனுப்பிட்டேங்க ஐயா.